வாசகர் கேள்வி - பதில்: உப்புக் காற்றில் தினமும் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார்

கேள்வி: பதினான்கு ஆண்டுகள் துபாயில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். வீடு கீழக்கரையில், ஹார்டுவேர் கடை ராமநாதபுரத்தில். அங்கே இருந்தபோது இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஆறு ஆண்டுகள் ஓட்டினேன். இங்கும் அப்படி ஒன்றை வைத்துக்கொண்டு, கடைக்குப் போய்வருவது, மகனைப் பள்ளியில் விடுவது, உம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போவது என எல்லாவற்றுக்கும் அதையே பயன்படுத்த விரும்புகிறேன். 'உப்புக் காற்று ஒரே வருடத்தில் தின்றுவிடும்' என்று மச்சான் தடுக்கிறார். தினசரி வண்டியாக அது தாங்குமா? துபாயில் ஓட்டிய காரையே கொண்டுவர வழி உண்டா?
- ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: இரண்டாவது கேள்விக்கான பதில் சிறியது என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கொண்டுவர முடியாது. அமீரகத்துக் கார்களில் ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கிறது. பழைய காரை இந்தியாவுக்கு இறக்குமதி செய்வதானால் ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், தயாராகி மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது என்பவை விதிகள். நீங்கள் ஆறு ஆண்டு ஓட்டிய கார் இரண்டிலுமே அடிபட்டுப்போவதால், சுங்க வரிக் கணக்கைப் பார்க்கவேண்டிய தேவையே எழவில்லை. இங்கே விற்பனையான காரைத்தான் தேட வேண்டும்.

இனி முதல் கேள்வி. தாங்கும் என்பதே என் பதில். இந்தக் கடற்கரையில் ஓடி ஓடிக் கெட்ட ஸ்போர்ட்ஸ் காரை நான் பார்த்ததைவிட, ஷெட்டில் நின்று நின்று கெட்டதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் பெட்டியில் வைத்துப் பூட்டும் நகை போன்றது என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. ஆனால் 1960களிலிருந்து வரும் போர்ஷே 911, பின்னால் இரண்டு சிறிய இருக்கைகளோடு, அலுவலகத்துக்கும் காய்கறிக் கடைக்கும் போய்வரும் வண்டியாகவே பலரிடம் இருந்துவந்திருக்கிறது. 1990இல் ஹோண்டா கொண்டுவந்த என்எஸ்எக்ஸ், முழு அலுமினிய உடலும் நல்ல பார்வை வசதியும் சண்டித்தனம் செய்யாத எஞ்சினும் கொண்டு, பந்தயக் கார் போன்ற ஒன்றைத் தினமும் ஓட்டலாம் என்பதை மற்ற கம்பெனிகளுக்கும் காட்டியது. ஆகவே எஞ்சினைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது வண்டியின் வயிற்றைப் பற்றி.

நீங்கள் தினமும் போகும் சுமார் 17 கிலோமீட்டர் பாதையில் திருப்புல்லாணியைத் தாண்டும்வரை எத்தனை வேகத்தடைகள் இருக்கின்றன என்று ஒரு நாள் எண்ணிப்பாருங்கள். எண்ணுவதோடு நிற்காமல் ஒவ்வொன்றின் அகலத்தையும் காலடியால் அளந்துபாருங்கள். இந்தியச் சாலைப் பேராயம் வகுத்த அளவின்படி ஒரு வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவில் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட மெல்லிய வளைவாக இருக்க வேண்டும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 245 சென்டிமீட்டர் உள்ள 911 அதன் நடுவே நின்றாலும், நான்கு சக்கரங்களும் அந்த வளைவின் மேலேயே நிற்பதால், வயிற்றுப் பக்கம் வளைவு மேலெழுவது ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டர் மட்டுமே. 272 சென்டிமீட்டர் இடைவெளியுள்ள ஃபோர்டு மஸ்டாங்குக்கு அது ஐந்தரை சென்டிமீட்டர். அநேகமாக எந்த ஸ்போர்ட்ஸ் காரும் இதைத் தட்டாமல் கடந்துவிடும். தொல்லை கொடுப்பவை, விபத்து நடந்த மறுநாள் ஊர்க்காரர்கள் மனம் பொறுக்காமல் தாரையும் ஜல்லியையும் கொட்டி எழுப்பிய, ஒரு முழ அகலமே உள்ள மேடுகள்தான். சக்கரங்கள் இரு பக்கமும் தரையில் இறங்கிவிடுவதால் மேட்டின் உயரம் முழுவதும் அப்படியே வயிற்றில் படும். அந்த மேடுகள் மேல் எனக்குக் கோபமில்லை, அவற்றின் பின்னால் பெரும்பாலும் ஒரு பிள்ளையின் இழப்பு இருக்கிறது. ஆனாலும் உங்கள் காரின் தலையெழுத்தை எழுதப்போகிறவை அவையே.

நண்பர் ஒருவருடைய தாழ்ந்த காரில் உச்சிப்புளி அருகே மாலை மங்கிய நேரத்தில் போய்க்கொண்டிருந்தோம். வெள்ளைக்கோடு போடாத புதிய மேடு ஒன்று, எஞ்சினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பைக் கிழித்துவிட்டது. மதுரையிலிருந்து முதலில் வந்தது கொக்கி போட்டு இழுக்கும் கிரேன் வண்டி. இந்தக் காரில் அந்தக் கொக்கியை மாட்டவே இடமில்லை. முழுக் காரையும் மேலே ஏற்றிக்கொள்ளும் தட்டை லாரியை மறுபடி வரவழைப்பதற்குள் இரவு பத்து மணி ஆகி, நாங்கள் அந்த ஊர் டீக்கடைக்காரருக்கு உறவினர்போல ஆகிவிட்டோம். அதனால், கார் வாங்குவதற்கு முன்பே தட்டை லாரி வைத்திருப்பவர் ஒருவரின் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கத்தைப் பொத்தானை அழுத்திச் சுமார் 4 சென்டிமீட்டர் உயர்த்தும் வசதி 911 போன்ற சில கார்களில் கூடுதல் விலைக்குக் கிடைக்கிறது. பழைய கார் பார்க்கும்போது தோல் இருக்கை, பாட்டுப் பெட்டி ஆகியவற்றை விட்டுவிட்டு இந்த ஒன்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத காரில் குறுகிய மேடுகளை நேராக ஏறாமல் சற்றுச் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்க வேண்டும். அதற்கு எதிரே வருகிறவர் இடம் கொடுக்க வேண்டுமே என்பது வேறு விஷயம்.

டயர் அடுத்தது. 911 வகைகளில் பின்சக்கரத்துக்கு வரும் 305/30 அளவு டயரில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே உள்ள ரப்பர் சுவர் ஒன்பது சென்டிமீட்டர்தான். மாருதி ஸ்விஃப்டின் 165/80 டயரில் அது பதின்மூன்று, பொலேரோவின் 215/75 டயரில் பதினாறு. பள்ளத்தில் விழுந்தால் அடியை வாங்கிக்கொள்ள ரப்பர் இல்லாமல் அலாய் வீல் நேரடியாக வாங்கிக்கொள்ளும். பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னி கிடையாது; ஓட்டையை அடைக்கும் பசைத்திரவமும் சிறு காற்றடிப்பானும் மட்டுமே இருக்கும். நம் மாவட்டத்துச் சீமைக் கருவேல முள் தரைப்பகுதியில் ஏறினால் அந்தத் திரவம் காப்பாற்றும், டயரின் பக்கவாட்டில் ஏறினால் காப்பாற்றாது. சாலையோரப் புதரை ஒட்டி நிறுத்தும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

மச்சான் சொன்ன உப்புக்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. இன்றைய கார்களின் உடல் தகடு துத்தநாகப் பூச்சோடு வருகிறது, அது எளிதில் துருப்பிடிக்காது. உப்பு தேடிப்போவது மறைவிடங்களை: அலுமினியமும் எஃகும் தொட்டுக்கொண்டிருக்கும் போல்ட்டுகள், பம்பருக்குப் பின்னால் இருக்கும் ரேடியேட்டர், ஏசி கண்டென்சர், வயர் இணைப்புகள். இரண்டு வெவ்வேறு உலோகங்களுக்கு நடுவே உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு சிறிய பேட்டரியாகவே மாறி, அலுமினியத்தை வெள்ளை மாவாக அரித்துவிடும். 911இல் ரேடியேட்டர்கள் முன் பம்பரின் இரு மூலைகளில் தாழ்வாக இருக்கின்றன. அங்கே சேரும் சருகும் மணலும் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், ஆண்டுக்கொரு முறையாவது பம்பரைக் கழற்றிச் சுத்தம் செய்வதைச் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். காற்றில் வரும் உப்பைவிடக் கொடியது சாலையில் சிந்தும் உப்பு நீர். ஐஸ் உருகி வடியும் மீன் வண்டியின் பின்னாலோ, வாலிநோக்கம் பக்கமிருந்து வரும் ஈர உப்பு லாரியின் பின்னாலோ ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். முந்துங்கள், முடியாவிட்டால் டீ குடித்துவிட்டுப் புறப்படுங்கள்.

கழுவினால் போகாதா என்று கேட்பீர்கள். எந்தத் தண்ணீரால் என்பதே நம் ஊர்க் கேள்வி. கீழக்கரையில் போர் தண்ணீர் பெரும்பாலும் உப்புக் கரிக்கும்; அதை அடித்துக் கழுவி வெயிலில் காயவிட்டால், காருக்கு மேலும் ஒரு பூச்சு உப்பு ஏற்றியதாகத்தான் ஆகும். காவிரிக் கூட்டுக் குடிநீரைக் கொண்டு கார் கழுவுங்கள் என்று எழுத என் கை வரவில்லை. ஐந்தாறு குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியோடு பெண்கள் தண்ணீருக்கு நடக்கும் மாவட்டம் இது. ஐப்பசி, கார்த்திகை மழையைத் தொட்டியில் சேர்த்துவைத்து, வாரம் ஒருமுறை இரண்டு மூன்று வாளி நீரை அழுத்தத் தெளிப்பானில் ஊற்றி, வெளிப் பளபளப்பை விட்டுவிட்டு அடிப்பகுதியையும் சக்கர வளைவுகளையும் மட்டும் அலசினால் போதும். மேற்புறத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொள்ளலாம், ஆனால் மணல் படிந்திருக்கும்போது உலர்ந்த துணியால் துடைக்கவே கூடாது.

கடைசியாக, உங்கள் வீட்டார். இரண்டு இருக்கை காரில் உம்மாவும் மகனும் நீங்களுமாக ஒரே நேரத்தில் போக முடியாது. பின்னிருக்கை சிறியதாகவேனும் உள்ள காரைப் பாருங்கள். உம்மாவுக்கு முழங்கால் வலி இருந்தால் வேறு சோதனையே வேண்டாம், விற்பவரின் வாசலிலேயே அவரை ஒருமுறை உட்காரவைத்து எழுந்திருக்கச் சொல்லுங்கள். முதலில் இருக்கையில் பக்கவாட்டாக உட்கார்ந்து, பிறகு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இறங்கும்போது அதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். அதற்கும் யாராவது கைகொடுத்துத் தூக்க வேண்டியிருக்கிறது என்றால், வீட்டில் இன்னொரு சாதாரண கார் இருந்தே தீர வேண்டும்.

கேள்வி: கப்பலில் வேலை பார்க்கும் என் அண்ணன் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி வீட்டு முற்றத்தில் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார். ஆண்டில் பத்து மாதம் அது பிளாஸ்டிக் உறைக்குள் நிற்கிறது. வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைக்கச் சொல்லியிருக்கிறார். பிரேக் தட்டு துருப்பிடித்துச் சிவந்திருக்கிறது. என்ன செய்வது?
- ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: முதல் வேலையாக அந்த உறையை எடுத்துவிடுங்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பிளாஸ்டிக் உறைக்கு அடியில் நுழையும் மணல், உறை படபடக்கும் ஒவ்வொரு முறையும் பெயிண்டை உப்புத்தாள்போலத் தேய்க்கும். உள்ளே அடைபட்ட ஈரம் இரவில் வியர்த்து எல்லா மூலைகளிலும் இறங்கும். தென்மேற்குப் பக்கம் சுவர் உள்ள ஷெட்டும், காற்று புகும் பருத்தி உறையும் இருந்தால் நல்லது. ஷெட் இல்லையென்றால் உறையே இல்லாமல் நிற்பதுகூட மேல்.

பத்து நிமிட ஸ்டார்ட்டிங்கையும் நிறுத்துங்கள், அது நன்மை என்று எண்ணிச் செய்யப்படும் கெடுதல். நின்ற இடத்தில் ஓடும் எஞ்சினில் தண்ணீர் சூடாகிவிடும், ஆயில் முழுதாகச் சூடாகாது. எரிதலில் உண்டாகும் நீராவி சைலன்சரிலும் ஆயிலிலும் தங்கிவிடும். வாரம் ஒருமுறை பாம்பன் பாலத்தைத் தாண்டி உச்சிப்புளி வரை போய்த் திரும்புங்கள், பிரேக்கையும் நன்றாக அழுத்திப் பிடித்து ஓட்டுங்கள். பிரேக் தட்டின் மேலாக உள்ள சிவப்பு நாலைந்து முறை பிடித்ததும் தேய்ந்து போய்விடும். தட்டில் பள்ளம் விழுந்திருந்தால் மட்டும் மாற்ற வேண்டும். கை பிரேக் போட்டபடி நிறுத்தினால் அது ஒட்டிக்கொள்ளும் என்பதால், சமதளத்தில் கியரில் விட்டுச் சக்கரத்துக்குக் கல் கொடுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிங் நிலையில் விட்டுக் கல் கொடுங்கள். இந்த வாராந்தர ஓட்டத்துக்குத் தனுஷ்கோடிப் பக்கம் மட்டும் போகாதீர்கள். இருபுறமும் கடல் தெறிக்கும் அரிச்சல்முனைச் சாலையில் போய்வருவது, அண்ணன் காருக்கு உப்பு நீராட்டுச் செய்வதுபோல ஆகிவிடும்.

கேள்வி: என் கணவர் மடிக்கும் துணிக்கூரை கொண்ட இரண்டு இருக்கை கார் வைத்திருக்கிறார். தொண்டியில் உள்ள பள்ளிக்கு நான் அதிலேயே போய்வரலாம் என்கிறார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவ்வளவு தாழ உட்கார்ந்து ஓட்டுவது பாதுகாப்பா?
- ஓர் ஆசிரியை, தேவிபட்டினம்

பதில்: கார் பாதுகாப்பானதுதான். தாழ்ந்த கார் வளைவில் சாயாது, பிரேக் பிடித்தால் நிற்கும், பக்கக் காற்றில் உயரமான வண்டிகள் ஆடுமளவுக்கு ஆடாது. உங்கள் கண்ணின் உயரம்தான் குறை. முன்னால் போகும் பேருந்தின் பின்புறத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. எதிரே வரும் லாரியின் வெளிச்சம் நேராகக் கண்ணில் விழும். இருவழிச் சாலையில் முந்துவதற்கு எஞ்சினில் தெம்பு இருக்கிறது என்ற நம்பிக்கை, எதிரே என்ன வருகிறது என்று தெரியாத இடத்தில் உதவாது. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விட்டுப் பின்னால் வாருங்கள். இடைவெளி கூடக்கூடப் பேருந்தைச் சுற்றியுள்ள சாலை கண்ணுக்குத் தெரியவரும். அந்தி நேரத்தில் ஆடுகள் மந்தையாகத் திரும்பும் இடங்கள் உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும்.

கூரையைத் திறந்து ஓட்டுவது, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை காலை எட்டு மணிக்கு முன்னால் மட்டும் இன்பம். மற்ற நாட்களில் கறுப்புத் துணிக்கூரை வெயிலில் வெளுக்கும், மடியும் இடங்களில் மணல் சேர்ந்து நூல் அறுபடும். பள்ளியில் மர நிழல் கிடைத்தால் அங்கே நிறுத்துங்கள், காக்கை எச்சத்தை அன்றே துடைத்துவிடுங்கள்.

கேள்வி: என்னுடைய ஹேட்ச்பேக் காரின் சஸ்பென்ஷனைத் தாழ்த்தி, அகலமான சக்கரம் போட்டால் ஸ்போர்ட்ஸ் கார்போல ஆகுமா?
- ஒரு வாசகர், மண்டபம்

பதில்: ஸ்போர்ட்ஸ் காரின் தொல்லைகள் எல்லாம் வந்து சேரும், சுகம் ஒன்றும் வராது. தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் கூறியிருக்கிறது. மாற்றிய வண்டி மோதினால் காப்பீட்டுக் கம்பெனி கைவிரிக்கவும் இடமுண்டு. அந்தப் பணத்தில் நல்ல டயர் நான்கு வாங்குங்கள்.

கேள்வி: நான் வாங்கவிருக்கும் பழைய ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரின் பெட்ரோல் மூடியில் 98 என்று போட்டிருக்கிறது. எங்கள் ஊர் பங்க்கில் சாதாரண பெட்ரோல் மட்டுமே கிடைக்கிறது. எத்தனால் கலந்த பெட்ரோலால் கெடுமா?
- ஒரு வாசகர், தொண்டி

பதில்: 98 என்பது ஆக்டேன் எண். எஞ்சினுக்குள் பெட்ரோல் முன்கூட்டியே தானாக வெடிக்காமல் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பதை அது காட்டுகிறது. முழுத் திறனுக்கு 98 வேண்டும் என்றாலும், குறைந்தபட்சம் எது போதும் என்பதைக் கையேட்டில் தனியாகக் குறித்திருப்பார்கள், அதைப் பாருங்கள். குறைந்த ஆக்டேன் ஊற்றினால், தட்டும் ஒலியை உணரும் சென்சார் தீப்பொறியின் நேரத்தைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றிக்கொள்ளும். அதற்கு விலையாகத் திறனும் மைலேஜும் குறையும். சித்திரை வெயிலில் ஆக்சிலேட்டரை முழுக்க மிதிக்காமல் ஓட்டினால் போதும். உயர் ஆக்டேன் பெட்ரோல் பெருநகரங்களில் சில பங்க்குகளில் கிடைக்கிறது. மதுரைக்குப் போகும்போது விசாரித்து நிரப்பிக்கொள்ளுங்கள், கேனில் வாங்கி வீட்டில் சேமிக்காதீர்கள்.

எத்தனால் விஷயத்தில் மூடியையோ கையேட்டையோ பார்த்து, 10 விழுக்காடுவரை ஏற்கும் காரா, 20 விழுக்காடு ஏற்கும் காரா என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு வெப்ப ஆற்றல் குறைவு. ஆகவே 20 விழுக்காடு கலப்பில் லிட்டருக்கு ஆறேழு விழுக்காடு இழப்பு இருக்கும். பெரிய இடர் வேறு: எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். அரை டேங்க் பெட்ரோலோடு கடலோர ஷெட்டில் மாதக்கணக்கில் நின்றால் நீர் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கக்கூடும். தினமும் ஓட்டுகிறவருக்கு இந்தக் கவலையே இல்லை, பழைய பெட்ரோல் தங்கவே தங்காது.

கேள்வி: புதுச்சேரிப் பதிவெண் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று மலிவாக வருகிறது. அப்படியே இங்கே ஓட்டலாமா? மழைக்காலத்தில் தாழ்ந்த காருக்கு என்ன செய்ய வேண்டும்?
- ஒரு வாசகர், ராமேஸ்வரம்

பதில்: பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் தமிழ்நாட்டுப் பதிவெண்ணுக்கு மாற்றியாக வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். 2023 நவம்பர் முதல் 20 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள புதிய காருக்கு இங்கே வாழ்நாள் வரி 20 விழுக்காடு. பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும். அந்தத் தொகையை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, விலையோடு கூட்டிப் பார்த்த பிறகு அது மலிவா என்று முடிவு செய்யுங்கள்.

மழையைப் பொறுத்தவரை, 2024 நவம்பர் 20 அன்று ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதை நீங்கள் கண்ணால் பார்த்தவர். ஸ்போர்ட்ஸ் கார் பலவற்றில் எஞ்சினுக்குக் காற்று இழுக்கும் வாய் தாழ்வாக இருக்கும். வாங்குமுன் அது எங்கே இருக்கிறது என்று பானெட்டைத் திறந்து கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் எஞ்சின் உள்ள காரானால் பின் மூடியைத் திறந்து பாருங்கள். தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீரை அழுத்த முடியாமல், பிஸ்டனைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிடும். காப்பீடு எடுக்கும்போது எஞ்சின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கையைக் கேட்டு எடுங்கள். புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய அன்று மாலையே காரை மேடான இடத்தில், தென்னை மரத்தடி அல்லாத இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, ஆட்டோவில் வீடு திரும்புங்கள்.